பின்பக்கம் பார்த்த சீட்டு

மாசி 9, வெள்ளி. இரவு.

அப்பாவைப் பாலாற்றங்கரையில் எரித்துவிட்டு, அவருடைய பழைய ஸ்டேஷன் வேகனிலேயே திரும்பினோம். கொள்ளி வைத்த அண்ணன் முன்னால் உட்கார்ந்தான். நடு சீட்டைப் பங்காளிகள் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது மூன்றாவது வரிசை. அது மற்ற சீட்டுகளுக்கு முதுகைக் காட்டி, பின்கண்ணாடியைப் பார்த்து இருக்கும். சின்ன வயதில் அந்த இடத்துக்காக நானும் அண்ணனும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

வண்டியை எடுக்கும்போது மாமா, "யாரும் திரும்பிப் பாக்காம வாங்கப்பா" என்றார். சுடுகாட்டை விட்டு வரும்போது எல்லாரும் சொல்வதுதான். நான் எங்கே திரும்புவது? உட்கார்ந்தபடியே எல்லாம் எதிரில் இருந்தது. கண்ணை மூடியிருக்கலாம். மூடவில்லை. செவிலிமேட்டுத் திருப்பம் வரைக்கும் புகை தெரிந்தது. கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து போனது. அழுகை வரவில்லை. பின்கண்ணாடியின் ரப்பர் பட்டை பிய்ந்திருப்பதைக்கூடக் கவனித்தேன்.

வீட்டில் குளித்துவிட்டு வந்ததும் அண்ணன் தனியாகக் கூப்பிட்டான்.

"பொகை தெரிஞ்சுதாடா?"

"இல்லண்ணா. கண்ண மூடிக்கினு வந்தேன்."

திட்டுவான் என்று பயந்து சொன்ன பொய். அவன் திட்ட வரவில்லை. "அப்பிடியா" என்று சொல்லிவிட்டு, ஈரத் துண்டோடு ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றான்.

நாளைக் காலை பால் தெளிக்க அதே இடத்துக்குப் போகிறோம். திரும்பும்போது முன் சீட்டில் நான் ஏறிக்கொள்வேன். மூன்றாவது வரிசை அவனுக்கு.