பதினேழாம் செடிக்கு உங்கள் பெயர்

என் பத்மாக்கா, கோபப்படாமல் கேளுங்கள்.

நேற்று ஒரு ஸ்ட்ராபெர்ரி ரகத்துக்கு உங்கள் பெயரை வைத்துவிட்டார்கள். தல்லாகுளத்தில் பெரிய ஹால், மைக், பேனர், மதியச் சாப்பாடு. உங்களோடு ஆய்வகத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவள் என்று எனக்குச் சால்வை போட்டார்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன், எல்லாரோடும் சேர்ந்து கையும் தட்டினேன். எழுதவே கூசுகிறது.

எந்தச் செடிக்கு என்று கேட்பீர்கள். பதினேழாம் நம்பருக்கு. எலுமிச்சை அளவு பழம், உள்ளே வெள்ளை வெளேர் என்று இருக்குமே, அதுதான். கொடைக்கானல் தோட்டத்தில் முதல்முதலாக ருசி பார்த்துவிட்டு, "தண்ணியக் கடிச்ச மாதிரி இருக்கு செல்வி" என்று துப்பினீர்கள். பழம் கெட்டி, கசங்காது என்பதற்காகத்தான் செடியைப் பிடுங்காமல் விட்டீர்கள். "இது தாயா இருக்கட்டும், பழமா வேணாம்" என்று சொன்னதும் நீங்கள்தான்.

உங்கள் செல்லம் நாலாம் நம்பர். காட்டு ஸ்ட்ராபெர்ரியோடு கலந்து எடுத்தது. பழம் சின்னது, உள்வரைக்கும் கருஞ்சிவப்பு. "நிறத்தப் பாத்து ஏமாறாத, அளந்துட்டு வந்து சொல்லு" என்று என்னை விரட்டுவீர்கள். அந்தச் சிவப்பிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் உண்டு, கண்ணுக்குத் தெரியாத வைட்டமின் சியிலும் உண்டு. ஒவ்வொரு சீசனும் அளந்தேன். ஒவ்வொரு சீசனும் நாலுதான் மேலே, பதினேழு அடியில். ஆனால் பஸ் வத்தலக்குண்டுக்கு இறங்குவதற்குள் நாலு கூழாகிவிடும். அதனால்தான் இதன் சத்தும் அதன் கெட்டித்தனமும் ஒரே பழத்தில் சேர வேண்டும் என்று இரண்டையும் கலக்க நினைத்தீர்கள். செடி பூத்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். கலக்காமலே போய்விட்டீர்கள்.

ஜீப் டிரைவர் அண்ணன் ஒருநாள் ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "நறுக்கி வச்ச வாழைக்கா காத்துப் பட்டுக் கறுக்குதுல்லண்ணே, அது மாதிரி ஒரு வேலை ஒடம்புக்குள்ளயும் நடக்குது. அதக் கொஞ்சம் தடுக்குற சரக்கு. அம்புட்டுதான், மருந்துன்னு நெனச்சுறாதீங்க" என்றீர்கள். ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டீர்கள்.

நேற்றைய பேனரில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த பத்மா.' காலையிலேயே பார்த்துவிட்டு டைரக்டரிடம் போனேன். "அளவு அப்படிச் சொல்லலையே சார்" என்றேன். அவர் சிரித்தார். "பத்மான்னாலே எல்லாருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்தானம்மா ஞாபகம் வருது. விவசாயிக்கு லாரியில போய்ச் சேர்ற பழம் வேணும். பேரு ஒரு மரியாதைக்கு."

விவசாயிக்கு வேண்டும் என்பது நியாயம். எழுமலைக்காரி எனக்கு அது தெரியாதா? ஒரு லோடு தக்காளி வழியிலேயே அழுகினால் ஒரு வீடு என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவள்தானே. பதினேழை வெளியிடட்டும். ஆனால் உங்கள் பெயரும் அந்தப் பொய்யும் எதற்கு? இதை நான் மேடையில் கேட்டிருக்க வேண்டும். முன்வரிசையில் உங்கள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது பாதி உண்மை. என் பதவி உயர்வு டைரக்டர் மேஜையில் இருக்கிறது. மீதிப் பாதி அது.

இன்றைக்குச் சாயங்காலம் கோச்சடையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். விழாவில் கொடுத்த பழப்பெட்டியை அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். எனக்காகப் பிரித்து, தானும் ஒன்றைக் கடித்தார்கள். மெதுவாக மென்று முழுங்கிவிட்டு, மரியாதைக்கு "நல்லாருக்கும்மா" என்றார்கள். அப்புறம், "இதுக்குத்தானா எம்பொண்ணு இம்புட்டு வருசம் மலைக்கும் ஊருக்கும் அலைஞ்சா?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. "இல்லம்மா. இது அக்கா வேணாம்னு தள்ளுன பழம்" என்றேன்.

அம்மா கோபப்படவில்லை. மிச்சப் பழத்தைத் தட்டில் வைத்தார்கள். நீங்கள் வீட்டில் பேசும் பாஷையில் படத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சுதான் கை தட்டுனியாம்மா?" என்றார்கள்.



திங்கட்கிழமை நான் அளந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டைரக்டர் முன்னால் போய் நிற்பேன். பேனரில் இருந்த அந்த வரி பழப்பெட்டியிலும் அச்சாகும் முன்னே எடுக்கச் சொல்வேன், உங்கள் பெயரையும் எடுக்கச் சொல்வேன். பதவி உயர்வு போனால் போகட்டும். இந்தத் தடவை செடி பூக்கும்போது நாலையும் பதினேழையும் நானே கலக்குவேன். எத்தனை சீசன் ஆனாலும் அளப்பேன். தேறினால் பழத்தை முதலில் அம்மா கையில் கொடுப்பேன். பெயர் வைக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் தின்றுவிட்டுச் சொல்லட்டும்.

நீங்கள் தங்கச்சி என்று கூப்பிட்ட,
செல்வி