கறுப்பு 58, வெள்ளை 51

புரட்டாசி 13, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டி ஏமாற்றிவிட்டது. கேஸ் சிலிண்டர் புதிது மாட்டியது இன்று. பால் ஒரு பாக்கெட் திரிந்து போனது.

முன் அறையில் நடத்துகிற வீடியோ கேம் கடையில் இனி ஒரே கேம் பெட்டிதான். எங்கள் கறுப்பா, கொழுந்தன் சேகரின் வெள்ளையா? இரண்டும் சேர்ந்து ஓடினால் அறை அடுப்பாகிவிடுகிறது, ஒற்றை ஏசிக்குத் தாங்கவில்லை. போன வாரம் இரண்டு தடவை கரண்ட் ட்ரிப் ஆகி, ஆடிக்கொண்டிருந்த காலேஜ் பிள்ளைகள் கூச்சல். அண்ணனும் தம்பியும் பேசி முடித்தது: நாலு நாள் சோதனை. சூடு குறைவாக, திக்காமல் ஓடுகிற பெட்டிக்கு முன் அறை. தோற்றவர் மாடியில் ஷீட் போட்ட அறைக்கு.

எழுதுவது நான். "அண்ணி எழுதுனா ஒரு புள்ளி மாறாது" என்றார் சேகர். ஐஸ் வைக்கிறார். அவருக்கு சிமெண்ட் ஆலையில் மாதம் பிறந்தால் சம்பளம். இவர், என் வீட்டுக்காரர், முதுகுவலியால் லாரி ஓட்டுவதை விட்டு இரண்டு வருடம். எங்களுக்கு அந்த அறைதான் சோறு. மாடிக்குப் போனால் எந்தப் பிள்ளை ஏறி வரும்?

முறை:
சூடு – ஒரு மணி நேரம் ஆடிய பின், காற்று வெளியே வரும் ஓட்டைகளில். ஆலையில் சூளைச் சூடு பார்க்கிற, துப்பாக்கி மாதிரி கன் ஒன்றைச் சேகர் கொண்டுவந்திருக்கிறார்; எட்ட நின்றே அமுக்கலாம்.
ஆட்டம் திறக்கிற நேரம் – போனில் பார்க்கக் கூடாதாம். "அமுக்குறதுல ஏமாத்தலாம்லக்கா" என்கிறாள் கவிதா, சேகர் பெண்டாட்டி, என் ஓரகத்தி. அதனால் எத்தனை 'சரவணபவ' என்று எல்லார் காதிலும் விழ எண்ணுவது. முருகா, உன் பேரை இதற்கா? மன்னித்துக்கொள்.
திக்கல் – படம் நின்று நின்று வந்தால், தடவைக்கு ஒரு கோடு.

க: 58. சரவணபவ 31. திக்கல் 4. சத்தம் பக்கத்து வீட்டு மிக்சி.
வெ: 51. சரவணபவ 24. திக்கல் 1. சத்தம் சீலிங் ஃபேன் அளவு.

கவிதா: "அக்கா, உங்க பொட்டி மேல தோசை ஊத்தலாம் போலருக்கே."
நான்: "ஊத்தித் தாரேன். உக்காந்த எடத்துல திங்கிறது ஒனக்குப் பழக்கந்தான?"
பிறகு விளக்கேற்றினேன். மனசு ஒட்டவில்லை.

புரட்டாசி 14, செவ்வாய்

விரதம். வெயில். கறுப்பைக் கழற்றி பெயிண்ட் பிரஷால் தூசி தட்டினேன். வீட்டு வாசலில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோடு. உள்ளே ஃபேன் முழுக்க வெள்ளை மாவு. வீடியோ பார்த்துக் கற்றது. மிக்சி, கிரைண்டர் எல்லாம் இப்போது நான்தான் கழற்றி மாட்டுவது.

கவிதா நிலைப்படியில். "சோதனை நடக்கறப்ப தொடைக்கலாமாக்கா?"
"நீயும் தொடச்சுக்க. யாரு கையப் புடிச்சா?"
"எங்க பொட்டி சுத்தமாத்தான் இருக்கு."

க: 55. ச. 30. தி. 3.
வெ: 51. ச. 24. தி. இல்லை.

படித்தது: அளவுக்கு மேல் சூடேறினால் பெட்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் திக்கல். பெட்டிக்கு இருக்கிற புத்தி கவிதாவுக்கு இல்லை. அவளுக்குச் சூடேறினால் வேகம் கூடுகிறது.

தோற்றுக்கொண்டிருக்கிறோம். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். செட்டிகுளம் மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்: கறுப்பு ஜெயித்தால் படிக்குப் படி சூடம்.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

சோதனை இல்லை. பொரி, கடலை, அவல், பூசணி. வாழைக்கன்று சின்னதாகக் கொடுத்து ஏமாற்றிவிட்டான்.

பொட்டு வைத்தவை: அரிவாள்மனை, மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின், சேகர் பைக், இரண்டு டிவி, ஏசி, இரண்டு பெட்டி. கறுப்பு படுத்திருக்கிற பெட்டி. அதற்கு முன்பக்கம்தான் நெற்றி, அங்கே வைத்தேன். வெள்ளை நிற்கிற பெட்டி. உச்சியில் வைத்தேன். முதலில் திருநீறு, அதன்மேல் சந்தனம், குங்குமம். அவர்கள் பெட்டிக்குக் குறைத்து வைத்தேன் என்று தெருவெல்லாம் சொல்வாள். அந்தப் பேச்சே வேண்டாமென்று சந்தனத்தை வழித்து அப்பினேன்.

"நல்லாத் தாராளமா வைங்கக்கா. சாமிக்குத்தான" என்று பின்னாலிருந்து குரல்.

சுண்டலில் உப்பு தூக்கல். யாரும் சொல்லவில்லை, அவளைத் தவிர.

புரட்டாசி 16, வியாழன். விஜயதசமி

லேசாகத் தூறி நின்றது.

க: 55. ச. 30. தி. 3.
வெ: 73. ச. 41. திக்கல் எண்ண முடியவில்லை. விசில் வருமுன் குக்கர் இரைகிற மாதிரி இரைச்சல். ஐம்பதாவது நிமிடம் தானாகவே அணைந்தது; 73 அப்போது எடுத்தது. சூடு அதிகம் என்று திரையில் எழுத்து.

ஆடிக்கொண்டிருந்த பிள்ளை: "அக்கா, வெள்ளை அவுட்டு!"
சேகர் முகத்தில் ஈயாடவில்லை. கவிதா: "முந்தாநாளு வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. யாரு கண்ணு பட்டுச்சோ." கண் என் மேல்.

முருகன் கண்ணைத் திறந்துவிட்டான். பாயசம் வைத்தேன். அவர்களுக்கும் ஒரு கிண்ணம்.
"பாயசம் எதுக்குக்கா இன்னைக்கு?"
"விஜயதசமிக்குத்தான்." பொய்யில்லை.

இவர் இரண்டு கிண்ணம் குடித்தார். பல நாள் கழித்துச் சிரிப்பு.

புரட்டாசி 17, வெள்ளி

க: 56. ச. 30. தி. 3.
வெ: 74. ச. 42. நாற்பதாவது நிமிடம் அணைந்தது.

ஜெயித்தோம் என்று சாயங்காலம் முன் அறையைத் துடைக்கப் போனேன். பூஜைக்குப் பிறகு வெள்ளைப் பெட்டியின் உச்சியைக் கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். சந்தனம் காய்ந்து, பூசின சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதன் அடியில் வரிசையாகக் காற்று ஓட்டைகள். ஒன்று பாக்கியில்லாமல் அடைப்பு. டார்ச் அடித்தால் உள்ளே ஃபேன் இறக்கையெல்லாம் திருநீறு.

நான் அடைத்தது. என் கையால்.

இத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆயுத பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, அதுவாக உதிரவேண்டும். பொட்டுக்குள் கோளாறு இருக்குமென்று யார் நினைப்பார்கள்?

வேண்டுமென்று செய்யவில்லை. தாராளமாக வைக்கச் சொன்னவள் அவள். அவர்களுக்குச் சம்பளம் இருக்கிறது. மூன்றும் சரிதான். மூன்றையும் சாமி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வரும்போது நாக்கு குழறியது.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவார். தடுத்தால் கேட்டுவிடுவேன்.

புரட்டாசி 18, சனி

பெருமாளுக்குத் தளிகை போட்டது. நாலு மணிக்கு எல்லாரும் கூடியதும் நோட்டைப் பிரித்தேன். திங்கள், செவ்வாய் கணக்கைப் படித்தேன். வியாழன் வந்ததும் நிறுத்தி, ஈரத்துணியால் வெள்ளையின் உச்சியைத் துடைத்தேன். சொன்னேன்.

சேகர் திறந்து சுத்தம் செய்து போட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. 51.

கவிதா: "பாத்தீங்களா, செஞ்சுட்டாங்க! சந்தனம் வச்ச அன்னைக்கே நெனச்சேன். இது செய்வினைதான்."
"தாராளமா வைக்கச் சொன்னது யாருடி?"
"பொட்டு வைக்கச் சொன்னேன். பூசி மெழுகவா சொன்னேன்?"
சேகர்: "வுடு கவிதா. அண்ணி சொல்லலன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"
"நல்லவங்கன்னு பேரு வாங்கத்தான் சொல்றாங்க."

வியாழன், வெள்ளி இரண்டையும் கோடிட்டு அடித்தேன். செல்லாது. மீதி இரண்டு நாளில் வெள்ளை.

சேகர் முன்போலவே இரண்டும் இருக்கட்டும் என்பார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு மாத்திக்கலாம் அண்ணி" என்றார். இவ்வளவுதான் அந்த நல்ல மனசு.

இவர் அடுப்படிக்கு வந்து ஒரே வார்த்தை. "உன்ன யாரு கேட்டா?"

கவிதாவைப் பற்றி எழுதியது எதையும் அடிக்கவில்லை. அதெல்லாம் செல்லும்.

புரட்டாசி 19, ஞாயிறு

கொளுத்துகிறது. டிவியை இவரே சுமந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு. ஆளைக் கூப்பிடலாம் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. மாடிப்படி பதினெட்டு.

பகல் 12. பெட்டி போடும் முன்பே ஷீட் 56, சுவர் 39. போட்ட பின் க: 69. ச. 38. தி. 11. டேபிள் ஃபேன் வைத்தும் 67.

மூன்று மணிக்கு மூன்று பிள்ளைகள் ஏறி வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். ஒருவன் சட்டைக்குள் ஊதிக்கொண்டான். "டேய், வெந்துருவோம்டா. கீழ போலாம்."

இறங்கும் சத்தம். கீழே கவிதா, "வாங்க தம்பி, வாங்க, ஏசி போட்டாச்சு."

இவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதையும் எழுதிக்க."

எழுதிவிட்டேன்.