அம்மாவின் பையில் இருந்த பொட்டு அட்டை

தூங்கும்போதும் என் தலையில் ஒரு கையை வைத்திருந்த என் அப்பாவுக்கு,

அத்தை கூடத்தில் குறட்டை விடுகிறார். அம்மாவின் அறையில் விளக்கு அணைந்துவிட்டது, ஆனால் அவள் தூங்கவில்லை. கட்டில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். உங்களிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். இது உங்களைப் பற்றியதும்கூட என்று நினைக்கிறேன்.

நாளை அம்மா வெளிநாடு போகிறாள். சிரிக்காதீர்கள் அப்பா, நிஜம்தான். நெடும்பாசேரியில் விமானம் ஏறி கோலாலம்பூர். சனி, ஞாயிறு ஊர் சுற்றிவிட்டுத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவாள். தையல்கடை சாந்தி அக்கா, அவருடைய தங்கை, டீக்கடை பேபி சேச்சி, அம்மா, நாலு பேர். நடவு முடிந்து, களை எடுக்க இன்னும் நாள் இருக்கிற வாரமாகப் பார்த்து டிக்கெட் போட்டார்கள். இதற்கு முன் இவர்கள் சேர்ந்து போன அதிக தூரம் பழனிதான்.

ஒரு மாதமாக நம் வீட்டில் இதே பேச்சு. "எடீ வசந்தே, அவிடெ சோறு கிட்டுமோ?" என்று பேபி சேச்சி தன் பாதி மலையாளத்தில் அம்மாவிடம் கேட்டார்.

"கெடைக்குமாமுங் சேச்சி. அங்கயும் நம்ம தமிழாளுகதான் கடை வெச்சிருக்காங்களாம்."

"பின்னெ எதுக்குடீ இத்தர தூரம் போணம்? என்ற கடைக்கு வந்தா போதாதோ?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நீங்கள் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தது. உடனே பயமாகவும் இருந்தது.

நீங்களும் சிரித்துக்கொண்டுதானே போனீர்கள்? தேங்காய் லோடை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குக் கிளம்பும்போது, "பொழுதோட வந்தர்றேன் அம்மணி" என்றீர்கள். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, அதற்குள் விபத்து. அன்றிலிருந்து யார் வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா பக்கத்துச் சித்தூருக்கு உரம் வாங்கப் போனால்கூட, அவள் ஸ்கூட்டர் சத்தம் திரும்பக் கேட்கும்வரை புத்தகத்தில் ஒரு வரியும் மண்டையில் ஏறாது. இப்போது அவள் கடலுக்கு மேலே பறக்கப் போகிறாள். அங்கிருந்து எந்தச் சத்தத்துக்கு நான் காத்திருப்பது?

எனக்குத் துணையாக இருக்க உங்கள் அக்கா, என் அத்தை, நேற்றே வந்துவிட்டார். வந்ததிலிருந்து முணுமுணுப்புத்தான். அம்மா தொழுவத்துக்குப் போன நேரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏம் புள்ள, எனக்குப் பயமா இருக்குது, போகாதன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. ஆரு சொல்லியும் கேக்காதவ உனக்காவ நின்னுக்குவா."

அது உண்மை என்று அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா நாளை வாசலில் நின்று, "போகட்டுமா அம்மணி?" என்று கேட்பாள். நான் முகத்தைச் சுளித்தாலே போதும், பையை உள்ளே வைத்துவிடுவாள். அந்த வார்த்தை நேற்றிலிருந்து என் நாக்கிலேயே இருக்கிறது.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா வயலில் மடை திருப்பப் போயிருந்தாள். அவள் பையைத் திறந்தேன். எத்தனை சேலை எடுத்து வைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான். நிறைய இருந்தால் நிறைய நாள் என்றுதானே அர்த்தம்? மேலே சாம்பல் நிறச் சேலை இரண்டுதான் இருந்தன. மூச்சு வந்தது. அடியில் ஒரு துண்டுக்குள் சுற்றி இன்னொன்று இருந்தது. நான் பெரியவளான சீருக்கு நீங்கள் அம்மாவுக்கு எடுத்துக்கொடுத்த, அரக்குக் கரை போட்ட மஞ்சள் பட்டு. அதன் மடிப்புக்குள் ஒரு பொட்டு அட்டை. மெரூன் நிறம், பிரிக்காதது.

உங்கள் காரியத்தன்று என்னை உள்ளறையில் உட்காரவைத்திருந்தார்கள். வெளியே வந்து பார்த்தபோது அம்மாவின் நெற்றி வேறு யாருடைய நெற்றியோ போல இருந்தது. அதற்குப் பிறகு அவள் திருநீறு தவிர வேறொன்றும் வைத்ததில்லை. அப்படிப்பட்டவள் பட்டும் பொட்டும் எடுத்துக்கொண்டு தூர தேசம் போகிறாள் என்றால், அங்கே அவளைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்றுதான் நம் பக்கத்தில் யாரும் நினைப்பார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். அவள் திரும்பி வரப்போவதில்லை என்று நினைத்தேன். அட்டையை எடுத்து என் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்து வைத்துவிட்டேன்.

விளக்கு வைத்தபிறகு அம்மா பையைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள், திரும்ப அடுக்கினாள். மறுபடியும் எடுத்தாள். பட்டுச் சேலையைத் துண்டோடு மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"என்னத்தைத் தேடற வசந்தா?" என்றார் அத்தை.

"சீப்பத் தேடறேனுங் நங்கை."

"அது உன் கொண்டையில சொருகியிருக்குது."

அம்மா சீப்பை உருவிப் பார்த்தாள். பிறகு அத்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அட்டையை அத்தைதான் எடுத்திருப்பார் என்று நினைத்திருக்கிறாள், அப்பா. வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. என்னவென்று கேட்பாள்?

கொஞ்ச நேரத்தில் சாந்தி அக்கா ரவிக்கை தைத்துக் கொண்டுவந்தார். "எனக்கென்னமோ நாளைக்கு வர முடியும்னு தோணல சாந்தி" என்று அம்மா மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் ஆசைப்பட்டது அதுதான். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே நடந்துவிட்டது. பிறகு ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?

சாந்தி அக்கா கிளம்பும்போது நானும் வண்டிவரை போனேன். "நல்லாத்தான இருந்தா உங்கம்மா? நீ ஏதாச்சும் சொன்னயா?" என்றார்.

"இல்லீங்க்கா." குரல் எனக்கே கேட்கவில்லை. "அங்க அம்மா ஆரைப் பாக்கப் போறாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "ஆரையும் பாக்கறதுக்கில்ல கண்ணு. நம்மள ஆருக்குந் தெரியாத ஊருன்னுதான் போறோம்."

சாந்தி அக்காவின் வீட்டுக்காரர் நீங்கள் போவதற்கு முன்பே நெஞ்சுவலியில் போனவர், ஞாபகம் இருக்கிறதா? சாந்தி அக்காவும் ஒரு பொட்டு அட்டை வாங்கியிருக்கிறாராம். சனிக்கிழமை காலையில் நாலு பேரும் பட்டுக் கட்டி, பொட்டு வைத்து, அங்கே கடைத்தெருவில் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுப்பார்களாம். ஞாயிறு ராத்திரி விமானம் ஏறும் முன்னால் பொட்டை எடுத்துவிடுவார்களாம்.

"ரெண்டு நாளைக்குத்தாண்டா. இங்க வெச்சா ஊரே நெத்தியப் பாக்கும். அங்க ஒருத்தனும் பாக்கமாட்டான், அதான். ஆர்கிட்டயும் சொல்லிப்போடாத, முக்கியமா உங்கத்தைகிட்ட."

ஆறாவது படிக்கும்போதே நான் பொட்டு வைத்தேன், எனக்கென்ன கல்யாணமா ஆகியிருந்தது? அம்மாவும் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே வைத்திருப்பாள். அது எப்போது உங்களுடையதாக ஆயிற்று, அப்பா? நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள். கோயிலுக்குக் கிளம்பும்போது, "கொஞ்சம் கோணலா இருக்குது" என்று நீங்களே விரலால் சரிசெய்துவிடுவீர்கள்.

இப்போது எழுந்து போய் அட்டையைப் பட்டுச் சேலைக்குள் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். பை கூடத்தில்தான் இருந்தது. ஜிப் சத்தத்தில் அத்தையின் குறட்டை நின்றது, என் மூச்சும் நின்றது. அவர் புரண்டு படுத்துக்கொண்டார். காலையில் பையை இன்னொரு தடவை பாரு என்று அம்மாவிடம் சொல்லுவேன்.

அட்டையிலிருந்து ஒரே ஒரு பொட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு அதை வைத்துக்கொண்டுதான் அவள் முன்னால் நிற்பேன். அவள் அட்டையைப் பார்ப்பாள், ஒன்று குறைவதைப் பார்ப்பாள், என் நெற்றியைப் பார்ப்பாள். அத்தை பக்கத்திலேயே நின்றாலும் பரவாயில்லை. நாங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். விமானம் கிளம்பும், நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் மேலே எங்கேயோ இருக்கிறீர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

"போகட்டுமா அம்மணி?" என்று அவள் கேட்டால், "போயிட்டு வா" என்று சொல்லுவேன். குரல் நடுங்காமல் சொல்லுவேன். திங்கட்கிழமை அவள் வண்டியிலிருந்து இறங்கும்போது, எடுக்க மறந்து பொட்டு நெற்றியிலேயே இருந்தால், எடுத்துவிடு என்று சொல்லமாட்டேன். அத்தை ஏதாவது சொன்னால் குறுக்கே நிற்பேன். கோணலாக இருந்தால் மட்டும், உங்களுக்குப் பதிலாக, என் விரலால் சரிசெய்துவிடுவேன். இது சத்தியம் அப்பா.

வாசலில் காத்திருக்கப் போகும்
உங்கள் அம்மணி,
தாரணி