மெல்லிசு லேப்டாப்பும் மரியாதைக்கார மாப்பிள்ளையும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மாப்பிள்ளை என்னிடம் பேசியது: "சாப்பிட்டீங்களா அத்த?" நான் பேசியது: "ஆச்சு மாப்பிள்ள, நீங்க?" அதற்கு அவர் தலையை ஆட்டினார். தலையாட்டலைப் பேச்சுக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா?

மகள் வேலைப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருக்கிறாள். திரும்ப மூன்று மாதம் ஆகும். நான் வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிக்கிறார்கள் என்று, "வேற வீடு கிடைக்கிற வரைக்கும்" இங்கே வந்தவள் நான். வந்த நாளாக என் சாமான்கள் சின்ன அறையில் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கின்றன. மகள் ரயில் ஏறும் முன் சொன்னாள்: "நீ எங்ககூடயே இரும்மான்னு நான் சொல்லிடுவேன். ஆனா அவர் வாயால ஒரு வார்த்த வந்தாத்தான் உனக்கு மனசு ஒப்பும். எனக்குத் தெரியாதா?" ரொம்பச் சரி. எனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை. டைரியிடம் என்ன மறைப்பு? ஆனால் அவராகச் சொல்லாமல் ஒட்டிக்கொள்ள மாட்டேன்.

நல்லவர்தான். பல் கட்டும் லேபில் வேலை. நாள் முழுக்க ஊரார் வாய்க்குப் பல் செய்கிறார், தன் வாயை மட்டும் திறப்பதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார். கோட்டை ஒன்று, அதற்கு வடக்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல். பூதங்கள் வரும். இரண்டு பேர், ஆளுக்கொரு வாசலில் நின்று சுட வேண்டும். தெற்கு வாசல் என் மகளுடையது. அவளோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், அங்கே ஆட நேரமும் இல்லையாம். இவர் வடக்கே சுட்டுவிட்டுத் தெற்கே ஓடுகிறார், தெற்கே சுட்டுவிட்டு வடக்கே ஓடுகிறார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "தெக்கால வருது மாப்பிள்ள!" என்று கத்திவிட்டேன்.

பாவம், அத்தை குரல் கேட்டதும் மரியாதைக்குத் துள்ளி எழுந்து நின்றார். அவர் நின்ற நேரத்தில் கோட்டை விழுந்துவிட்டது.

முகத்தில் அசடு வழிய நின்றோம் இருவரும். பிறகு என் வாய் என்னைக் கேட்காமலே கேட்டது: "அந்தத் தெக்கு வாசல்ல நான் நிக்கலாமா?"

மார்ச் 9, திங்கள்

நிற்கலாமாம்! ஆனால் எனக்கென்று ஒரு கேமிங் லேப்டாப் வேண்டுமாம்.

மார்ச் 14, சனி

வாங்கிவிட்டேன். தலை கால் புரியவில்லை.

பஸ்ஸில் மாப்பிள்ளை பேசினார். பேசினார் என்றால், வாய் ஓயாமல்! "உள்ள இருக்கற கிராஃபிக்ஸ் கார்டு பெருசா இருந்தா மட்டும் போதாது அத்த. ஆட ஆட அது கொதிக்கும். கொதிச்சா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தக் கொறச்சிக்கும். படம் திக்கித் திணறும். அதனால ஆள் கொஞ்சம் தடியா இருக்கணும், ரெண்டு ஃபேன் இருக்கணும், பின்னாடி காத்து வெளிய போக வழி இருக்கணும்." எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி என் பிழைப்புதான். கோல்ட் ஸ்டோரேஜில் ஷிப்ட் சூப்பர்வைசர் நான். காற்று போக வழி விடாமல் பெட்டி அடுக்குகிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

கடையில் அவர் காட்டியது சாம்பல் நிறத்தில், செங்கல் போலத் தடியாக இருந்தது. பக்கத்து மேஜையில் இன்னொன்று, மெல்லிசாக, கீபோர்டு முழுக்கக் கலர் விளக்கு ஓட. ஊதாவிலிருந்து பச்சை, பச்சையிலிருந்து ரோஸ்... ஐயோ. "பையனுக்கா மேடம்?" என்று கடைப்பெண் கேட்டாள். "எனக்குத்தான்" என்றேன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

"இது எப்படி மாப்பிள்ள?"

அவர் அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"உங்க இஷ்டம் அத்த."

அப்புறம் என்ன, ரோஸ் விளக்கு என் மடியில்.

மார்ச் 15, ஞாயிறு

முதல் நாளே இருபது தடவை செத்தேன். குறி தவறாமல் ஒரே ஒரு தடவை சுட்டேன், அதுவும் பூதம் என்று நினைத்து மாப்பிள்ளையை. "பரவால்ல அத்த" என்கிறார் செத்துக்கொண்டே.

மெத்தையில் சாய்ந்து, லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து ராணி போல ஆடினேன். கொஞ்ச நேரத்தில் விமானம் கிளம்புவது போல ஒரு சத்தம். அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். "தலையணை மேல வைக்காம இருந்தா... அதுக்கு மூச்சு விடக் கொஞ்சம் வசதியா இருக்குமோன்னு... தோணுது அத்த."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் காற்று, வழி, இடைவெளி என்று உபதேசம். வீட்டில் பஞ்சு மூட்டைமேல் அடுப்பு!

மார்ச் 21, சனி

நான் தேறிவிட்டேன். தெற்கு வாசல் பக்கம் ஒரு ஈ நுழையாது.

எங்களைப் போல மரியாதையாகச் சண்டை போடுகிறவர்கள் உலகத்தில் இருக்க முடியாது. "மாப்பிள்ள, கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, உங்க பின்னாடி இருக்கறவன சுட்டுக்கறேன்." "தாராளமா அத்த." "அத்த, சிரமம் பாக்காம அந்தக் குண்டு ஒண்ணு வீசறீங்களா?" மகளிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த யாரோ என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்களாம்.

சூடுதான் தொல்லை. திரையின் மூலையில் டிகிரி தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறார். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு. அதற்கு மேல் படம் விக்குகிறது, பிறகு பட்டென்று அணைந்துவிடுகிறது. எப்போது? கடைசிக் கட்டத்தில், பெரிய பூதம் வரும் நேரம் பார்த்து. அந்தப் பூதத்துக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் மேனேஜர் நடை அதே நடை.

அவர் பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடி முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்தார். நொடிக்கு இத்தனை படம் போதும் என்று குறைத்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால், "தப்பா நெனக்கலன்னா அத்த..." இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது?

மார்ச் 27, வெள்ளி

வேலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று காலியாம். போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொன்னார் வீட்டுக்காரர்.

சாப்பிடும்போது மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு ரூம் பாத்திருக்கேன் மாப்பிள்ள. போயிடலாமான்னு இருக்கு." வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேனா? நினைத்தேன். தட்டில் இருந்த கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கினார்.

"உங்க இஷ்டம் அத்த."

சரி. என் இஷ்டம். இன்றைக்கு ஆட்டம் வேண்டாம், தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 4, சனி

வீம்பெல்லாம் மூன்று நாள்தான். மறுபடி தெற்கு வாசலில். ஆட்டம் வேறு, வீடு வேறு.

ஏப்ரல் 11, சனி

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

என்ன செஞ்சு தொலச்சேன் நான்! சாயங்காலம் மேனேஜரை முடித்துவிடுவது என்று இருவரும் சபதம். மத்தியானம் பழகிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை வேலைக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் ஆடினால் கொதி கொதி என்று கொதிக்கிறது. அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. ஊரிலேயே குளிரான இடத்தில் உட்கார்ந்துகொண்டு சூட்டுக்குப் பயப்படுவதா? ஐஸ்கிரீம் அறை வேண்டாம், அது மைனஸ் பதினெட்டு, பால் அறை போதும் என்று அதற்குள் கொண்டுபோய் வைத்தேன். அப்படிப் பிரித்துப் பார்த்ததையே பெரிய கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன்!

ஷிப்ட் முடிந்ததும் எடுத்தேன். கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. லாரி நிற்கிற இடத்து அனலில், ஆசையாகத் திறந்து பொத்தானை அழுத்தினேன். விளக்கு ஒரு தரம் ரோஸாக எரிந்தது. அணைந்தது. அவ்வளவுதான். மேலெல்லாம் முத்து முத்தாகத் தண்ணி. குளிர்ந்த சாமானை வெளியே கொண்டுவந்தால் வேர்க்கும், மூடி வைத்துக் குளிர் விடாமல் பிரிக்காதே என்று எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்? நானே. நானேதான்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை முன்னால் மேஜையில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"அறிவிருக்கா அத்த உங்களுக்கு? ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கிற சாமானா இது? வச்சதுதான் வச்சீங்க, உடனே ஆன் பண்ணுவாங்களா யாராவது? நீங்க பாக்கற வேலைக்கு இது தெரிய வேணாமா? சின்னக் குழந்தையா நீங்க?"

கத்தினார். மாப்பிள்ளை. என்னிடம். பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது.

அப்புறம் தான் பேசியது தன் காதிலேயே விழ, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அழுவதா சிரிப்பதா என்று நிற்கிறேன். சிரிப்புதான் வந்தது. அடக்க அடக்க வந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அறுவைச் சிகிச்சை. லேபிலிருந்து அவருடைய குட்டி ஸ்க்ரூ டிரைவர்கள், பல்லிடுக்குக்குப் போகிற மெல்லிய பிரஷ்கள். நேற்றே பேட்டரியைக் கழற்றிக் காயவிட்டிருந்தார். ஃபேனுக்குள் பார்த்தால் என் தலையணைப் பஞ்சு, உருண்டையாக! "இது யார் வீட்டுப் பஞ்சு?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

சிப்பின்மேல் இருந்த பழைய பசையைத் துடைத்து, சூட்டைக் கடத்திவிடுகிற புதுப் பசை வைத்தார். "பட்டாணி அளவு போதும்" என்றார். எங்கள் ஸ்டோரில் பட்டாணி டன் கணக்கில் இருக்கிறது என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் ஸ்க்ரூ முடுக்கியபடி சொன்னார்: "அன்னிக்குக் கடையிலயே சொல்லியிருக்கணும் அத்த. அந்த மெல்லிசு சரிப்படாதுன்னு பாத்ததும் தெரியும். அடில காத்துக்கு வழியே இல்ல."

"அப்புறம் ஏன் உங்க இஷ்டம்னீங்க?"

"உங்ககிட்டப் போயி எப்படி வேணாம்னு சொல்றது?"

அவருக்கு "உங்க இஷ்டம்" என்றால் "வேண்டாம்" என்றா அர்த்தம்? அப்படியென்றால் அந்த ஒற்றை அறைக்கும் அதைத்தானே சொன்னார்! இல்லை, நானாக ஆசைப்பட்டுக் கோட்டை கட்டுகிறேனா? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ரோஸ் விளக்கு எரிந்துவிட்டது. இருவரும் கூத்தாடினோம், கேட்க வந்தது போயே போய்விட்டது.

ஏப்ரல் 13, திங்கள்

எழுபத்தெட்டு டிகிரி! ஒரு மணி நேரம் ஆடியும் எழுபத்தெட்டு!

ஏப்ரல் 19, ஞாயிறு

மேனேஜர் செத்தான்.

எப்படி என்று எழுதாமல் தூக்கம் வராது. மாப்பிள்ளை வடக்கு வாசலில் மாட்டிக்கொண்டார், உயிர் ஒரு கோடுதான் மிச்சம். "அத்த, என்ன விட்டுட்டு நீங்க ஓடுங்க!" என்றார். "வாய மூடிக்கிட்டு என் பின்னாடி வாங்க மாப்பிள்ள!" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். வந்தார். இருந்த குண்டெல்லாம் வீசினேன்.

கோட்டை மேல் வாணவேடிக்கை. அவர் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன், பட்டென்று அடித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் துணி மடித்தேன், ஏற்கெனவே மடித்திருந்ததை.

ஏப்ரல் 24, வெள்ளி

ஒற்றை அறைக்காரர் போன் செய்தார். நாளைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். மகளிடம் கேட்டேன். "நான் சொல்ல மாட்டேன், நீங்க ரெண்டு பேரும் பேசுங்க" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டுவிட வேண்டியதுதான். பூதத்துக்குப் பயப்படாதவள் இதற்கா பயப்படுவது? பயமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 25, சனி

என்ன சொல்லிக் கேட்பது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். "மாப்பிள்ள, மனசுல பட்டதச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பதா, "தப்பா நெனக்காதீங்க" என்று ஆரம்பிப்பதா?

வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே புழுதி. சின்ன அறையில் ஏணிமேல் ஒருவர் நின்று, டிரில் வைத்துச் சுவரைக் குடைந்துகொண்டிருக்கிறார். கீழே பெரிய பெட்டி. ஏசி. மாப்பிள்ளை கையில் அளக்கிற டேப்போடு, தலையெல்லாம் சுண்ணாம்போடு நிற்கிறார்.

"லேப்டாப்புக்குச் சூடு கொறஞ்சா ஆச்சா? இந்த ரூம்ல மனுஷி எப்படி இருக்கறது?" என்றார், என்னைப் பார்க்காமல், டேப்பைப் பார்த்து. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வந்துபோகிறவர்களுக்காக யாராவது சுவரை உடைப்பார்களா?

"அத்த, கட்டில் எந்தப் பக்கம் போடப் போறீங்க? அதப் பாத்துத்தான் இத மாட்டணும். வருஷக்கணக்கா நேரா தலைல காத்து அடிச்சா உங்களுக்கு ஆகாது."

ஜன்னல் பக்கம் என்றேன்.

"என்ன அத்த? டிரில் சத்தத்துல கேக்கல!"

"ஜன்னல் பக்கம் மாப்பிள்ள!" என்று கத்தினேன்.