உருளைக்கிழங்கைக் காணோம்

9-8-1973, வியாழன்

எனக்குக் குக்கரென்றால் பயம் என்று தெருவில் பேசுகிறார்கள். பயமில்லை, விசிலை எண்ணிச் சமைப்பதுதான் பிடிக்காது. கையேட்டில் நிமிடக் கணக்குதானே இருக்கிறது! இன்று மருமகள் செல்வி தொழிற்சாலையிலிருந்து வருவதற்குள், கோழியையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாகப் போட்டு, கடிகாரம் பார்த்து இருபது நிமிடம் வேகவைத்தேன். கிழங்கு முழுக்கக் கரைந்துவிட்டது.

“கொயம்பு சோக்கா கீது, அத்தே. கெயங்குதான் எங்கியோ ஓடிப்போச்சி!” என்று சிரித்தாள். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டு குக்கரையும் வழித்தாள். பாவம், நல்ல பசி.

எத்தனை விசில் என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் எழுவதற்குள் முதல் ஷிப்டுக்குப் போய்விடுவாள். அவளுடைய டிபன் பாக்ஸின் மேல் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்:

“செல்வி, கோழிக்கு எத்தனை விசில்? கிழங்கை எப்போது போட வேண்டும்? பின்பக்கம் எழுதி வை.”