தேடலில் சேராத பெயர்

செவ்வாய்க்கிழமை

எஸ்டேட் கம்பெனியின் பழைய பதிவுகளில் எந்த விவரமெல்லாம் தேடலில் சேராமல் கிடக்கிறது என்று பார்க்க இன்று கணினியில் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினேன். பட்டியலில் ‘கூப்பிடும் பெயர்’ இருந்தது.

போன வருடம் கோலா கெத்தில் ஊரிலிருந்து லெட்சுமி அக்கா எங்கள் காப்பகத்துக்கு வந்தார். சின்ன வயதில் பறிகொடுத்த அண்ணனின் போட்டோ வேண்டுமாம்.

“ஐசியில, அடையாள கார்டுல, உள்ள பேரு தெரியாது தம்பி. சின்னக்கண்ணுன்னுதான் கூப்பிடுவோம்.”

கணினியில் தட்டிப் பார்த்தேன். வரவில்லை.

“பரவாயில்லலா தம்பி” என்று போய்விட்டார்.

இன்று அந்த விவரத்தில் தேடியதும், சின்னக்கண்ணு என்ற பெயரில் போட்டோவோடு தொழிலாளர் அட்டை கிடைத்தது. போன் செய்தேன். மகள் எடுத்தாள்.

“அம்மா போய்ப் பதினாறு நாளாச்சுண்ணே. அனுப்புங்க, அம்மா படத்துக்குப் பக்கத்துல மாமாவையும் வச்சிடுறோம்.”

அனுப்பினேன். பதிவுகளைக் கணினியில் ஏற்றியபோது, கூப்பிடும் பெயரை யார் தேடப்போகிறார்கள் என்று இணைக்காமல் விட்டது நான்தான். கூப்பிடும் பெயராலேயே எல்லோரையும் அறிகிற எஸ்டேட்டில் பிறந்தவன்.