சீர்த்தட்டில் வந்த பெல்ட்

மாமா,

போன வாரம் ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஒரு தையல்கடைக்குப் போயிருந்தேன். உள்ளறைக் கண்ணாடியின் ஓரம் முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள். வந்துபோன பெண்கள் ஒட்டிவிட்டு மறந்துபோனவை. நீளமாக நெளிந்த பாம்புப் பொட்டு, கடுகளவு கறுப்புப் பொட்டு, நடுவில் கல் உதிர்ந்த ஒன்று. சும்மா இருக்கமாட்டாமல் ஒன்றை நகத்தால் பெயர்த்தேன். அதன் பசை விரலில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அப்போது தையல்காரப் பெண் நாடாவோடு வந்தாள்.

"இடது தோளு கொஞ்சம் இறங்குனாப்புல இருக்கேக்கா?"

"பை மாட்டி மாட்டி அப்படி ஆயிட்டும்மா" என்றேன். பல தையல்காரர்களிடம் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன பொய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கள் நினைப்புதான்.

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உங்கள் பேன்சி ஸ்டோர். நீங்கள் ஒருமுறை திரும்பினால் உங்கள் தொந்தி இடித்து வளையல் அட்டைகள் ஆடும். அவ்வளவு அகலம்தான் கடை. பொட்டு வாங்க வருகிற பெண்களை நீங்கள் சும்மா அனுப்பியதே இல்லை. "இந்தக் கலரு ஒனக்கு எடுக்காது தாயி, ஒன் வீட்டுக்காரருக்கு வச்சுவிடு, எடுப்பா இருக்கும்" என்பீர்கள். அண்ணாச்சி வாய்க்குப் பயந்துகொண்டே அண்ணாச்சி கடைக்குத்தான் எல்லோரும் வருவார்கள். அம்மாவுக்கு மட்டும் அண்ணனுடைய அந்தச் சத்தம் எப்போதும் கூச்சம். நீங்கள் எங்கள் தெருமுனையில் பேச ஆரம்பித்தாலே உள்ளே வந்து கதவைச் சாத்துவாள்.

என் முதுகு வளைந்திருப்பதை முதலில் பார்த்தது அம்மாதான். எண்ணெய் தேய்த்துவிடும்போது ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது, மதுரைக்குத்தான் கூட்டிப்போனார்கள். உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்து, கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பெல்ட் செய்தார்கள். அக்குளிலிருந்து இடுப்புவரை வரும். பின்னால் வார்கள். வளர்த்தி நிற்கும்வரை இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் வளையும், பிறகு ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். மாட்டிப் பார்த்த அன்றைக்கு நான் அழுத அழுகையில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "கூனோடயே இருந்துட்டுப் போறேன், இது வேண்டாம்" என்று கத்தினேன். ஓரம் உரசிய இடத்தைத் தேய்த்துச் சரிசெய்து தருகிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீங்கள் போய் வாங்கிவருவதாகப் பேச்சு.

திரும்பிவரும் பஸ்ஸிலேயே அம்மா முடிவு செய்துவிட்டாள். இது வெளியே தெரியக்கூடாது. "நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக்குடுக்கணும்லா" என்றாள். அப்பா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன். சடங்குக்கு நாள் குறித்தார்கள். பெல்ட் வருவதற்குள் சடங்கை முடித்துவிட வேண்டும், சொந்தபந்தம் எல்லாம் என்னைப் பெல்ட் இல்லாமல் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. "பெல்ட் பைய வரட்டும்ணே" என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பினாள். நீங்கள் அதற்கு முன்பே மதுரைக்குப் போய் வாங்கி வந்துவிட்டது அவளுக்குத் தெரியாது.

தெருப்பிள்ளையார் கோயிலில் இருந்து மேளத்தோடு தாய்மாமன் சீர் வந்தது. பழம், தேங்காய், வளையல், பலகாரம், பட்டு என்று பெண்கள் தட்டுகளை ஏந்தி வர, எல்லோருக்கும் முன்னால் நீங்கள் ஒரு தட்டை ஏந்தி வந்தீர்கள். ஆம்பிளை தட்டு எடுக்கிறாரே என்று பந்தலில் ஒரே சிரிப்பு. தட்டைச் சபையில் இறக்கி வைத்தபோதுதான் என்னவென்று தெரிந்தது.

என் பெல்ட். அதன் வெள்ளை கொஞ்சம்கூட வெளியே தெரியவில்லை. உங்கள் கடைப் பொட்டுகள் எல்லாம் அதில்தான் ஒட்டியிருந்தன. முன்பக்கம் பச்சையும் நீலமுமாகப் பொட்டுகளாலேயே ஒரு மயில். பின்பக்கம் அரக்கு வெல்வெட் பொட்டில் பூக்கொடி. ஓரமெல்லாம் தங்கநிற லேஸ், நடுநடுவே சமிக்கி. உள்பக்கம் மட்டும் எதையும் ஒட்டவில்லை, என் உடம்பில் உறுத்திவிடும் என்று.

"இதென்னது, அம்மன் கவசம் மாதிரி?" என்று குனிந்து பார்த்தாள் அப்பாவின் அக்கா.

"கவசந்தாம் மயினி. எம் மருமவளுக்கு முதுகு ஒருபக்கமா கொஞ்சம் வளைஞ்சிருக்கு. இதப் போட்டா நிமுந்துரும்னு டாக்டர் சொல்லிருக்காரு. போடமாட்டேன்னு அழுதா. மாமன் சீராக் கொண்டாந்தா போடமாட்டாளா?"

உங்கள் குரலுக்கு மைக்செட் தேவையே இல்லை. மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேருடைய கண்ணும் மயிலில் இருந்து கிளம்பி என் முதுகுக்கு வந்தது. பட்டுக்குள்ளே நான் கூசிக் குறுகினேன். அம்மா உங்கள் தோளில் கிடந்த துண்டை வெடுக்கென்று உருவித் தட்டின் மேல் போட்டு மூடினாள். ஊர்கூடிய சபையில், தாய்மாமன் தோள்துண்டை. நான் அதற்கும் மேலே போனேன்.

"இத யாரு கேட்டா ஒங்ககிட்ட? தூக்கிட்டுப் போங்க."

"சரிம்மா" என்றீர்கள். வாய் ஓயாமல் 'மருமவளே மருமவளே' என்று கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் என்னை முதன்முதலாக 'அம்மா' என்றீர்கள். எனக்கு மாலை போட்டீர்கள், திருநீறு பூசினீர்கள், முறை ஒன்றையும் விடவில்லை. பந்தி போடும்போது "கடையத் தெறக்கணும்" என்று கிளம்பிவிட்டீர்கள். வாசலில் அப்பாவிடம் மட்டும் சொன்னீர்களாம்: "ஒளிச்சு வச்சா புள்ள ஆயுசுக்கும் ஒளிச்சுக்கிட்டே திரியும் மாப்ளே. ஊரு ஒருதடவ பாத்துட்டா முடிஞ்சுது சோலி."

மறுநாள் அம்மா தேங்காய் எண்ணெயும் பிளேடுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சுரண்டினேன். உங்கள் மேலிருந்த கோபத்திலேயே அந்த வெறும் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. கொஞ்ச நாள் பிள்ளைகள் என் முதுகைக் கதவு தட்டுகிற மாதிரி தட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களுக்கே அலுத்துவிட்டது. ஒளிக்க ஆள் இல்லாததால்தான் வளர்த்தி நிற்கும்வரை அதைப் போட்டிருந்தேன். ஆபரேஷன் இல்லாமல் தப்பித்ததும் அதனால்தான். இது அப்போதே எனக்குப் புரிந்தது மாமா. புரிந்தும் உங்களிடம் வந்து சொல்லவில்லை.

என் கல்யாணப் பத்திரிகையோடு அம்மாவும் நானும் உங்கள் கடைக்கு வந்தோம். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள். அம்மா குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ள வீட்டாளுக முன்னால அந்தப் பெல்ட்டு கதைய ஒரு வார்த்த எடுத்துராதிய அண்ணே" என்றாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். நான் 'அப்படியெல்லாம் இல்லை மாமா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வளையல் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணத்தன்று வாயே திறக்கவில்லை நீங்கள். எது பேசினாலும் எங்கே போய் முடியுமோ என்று பயந்திருப்பீர்கள். சிரிப்பு வந்தால்கூட அடக்கிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றீர்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "தாய்மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "அவ்வொ எப்பவுமே அப்படித்தான், அதிகம் பேசமாட்டாவ" என்றாள் அம்மா. அது உங்கள் காதிலும் விழுந்தது. ஆமாம் என்று தலையசைத்தீர்கள்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியமே படவில்லை.

"அது தெரிஞ்ச கததானே. பொண்ணு பாக்க வரதுக்கு முன்னாலயே எங்கம்மா ஒங்க தெருவுல விசாரிச்சாவ. பெல்ட்டு சீர்த்தட்டுல வந்தத மொத வீட்டுலயே சொல்லிட்டாவ. கொறைய இப்படிச் சபையில கொண்டாந்து வைக்கித குடும்பத்துல ஒளிவுமறைவு இருக்காதுன்னுதான் அம்மா சரின்னு சொன்னதே" என்றார். பிறகு, "அந்த மாமாவக் கல்யாணத்துல தேடினோம். நல்ல சத்தக்காரர்னு சொன்னாவ. அப்படி யாரையும் காணுமே, வரலையா?" என்று கேட்டார்.

மேடை ஓரத்தில் நின்றாரே, அவர்தான் என்றேன். "ஞாயித்துக்கிழமையே போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார் அவர். அந்த ஞாயிறு வேண்டாம் என்றேன். அடுத்ததற்கும் ஒரு சாக்குச் சொன்னேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்கள் கடைப்படி ஏறுவது என்று வெட்கமாக இருந்தது. அடைமழைக் காலத்தில், உங்களுக்குத் திடீரென்று நெஞ்சுவலி என்று போன் வந்தது. பஸ் பிடித்து நாங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வெள்ளைத் துணியால் நாடிக்கட்டு கட்டிக் கிடத்தியிருந்தார்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, போடவும் தோன்றாமல் நின்றேன். என் வீட்டுக்காரர்தான் குனிந்து உங்கள் காலைத் தொட்டார். "அன்னைக்குத் தேடினேன் மாமா" என்றார். உங்களிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்று நான் நினைக்காத நாள் இல்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் திரும்பிப் பார்க்கவைக்கிற மாதிரி ஏதாவது கேலியாகத்தான் சொல்லியிருப்பீர்கள்.

கல்யாணத்தில் உங்களைப் பேசவிட்டிருக்கலாம், மாமா.